பாறைக்குள் ஒரு கணக்கு

லுசேர்ணிலிருந்து ஏங்கல்பேர்க் செல்லும் புகையிரதம் ஸ்ரான்ஸ் நகரைக் கடந்ததும் பள்ளத்தாக்கு மெல்ல ஒடுங்கத் தொடங்கும். வோல்பென்சீசன் என்னும் சிற்றூரின் அருகே நிற்கும் வெல்லன்பேர்க் மலையை உல்லாசப் பயணிகள் எவரும் படம் பிடிப்பதில்லை. அவர்களுடைய கமராக்கள் எல்லாம் ரிற்லிஸ் பனிமுடிக்காகவே காத்திருக்கும். ஆயினும் இந்நாட்டின் அண்மைக்கால அரசியல் வரலாற்றில் அம்மலைக்கு ஓர் இடம் உண்டு. அணுமின் நிலையங்களின் குறைந்த, நடுத்தரக் கதிரியக்கக் கழிவை அதன் வயிற்றிலே புதைப்பதெனத் திட்டமிடப்பட்டது. மலைக்குரியவர்களான நிட்வால்டன் மாநில மக்கள் 1995 இல் ஒருமுறையும் 2002 இல் மறுமுறையும் வாக்களித்து அத்திட்டத்தை மறுத்தனர். முதன்முறை வித்தியாசம் மிகக் குறுகியது. இரண்டாம் முறை, ஆய்வுக்காக ஒரு சுரங்கம் அகழ்வதற்கேனும் இடந்தாருங்கள் என்று கேட்கப்பட்டபோது மறுப்பு முன்னையிலும் உறுதியாக வந்தது.

1995 ஆம் ஆண்டில் எம்மவரிற் பலர் இங்கே அகதி விண்ணப்பத்தின் முடிவுக்காகக் காத்திருந்தனர். கையிலிருந்த அனுமதி அட்டை என் ஆகவே நிற்குமா, எஃப் ஆகுமா, பி ஆகுமா என்பதே அன்றைய கவலை. அயல் மாநிலத்து மலைக்குள் எதைப் புதைத்தால் எமக்கென்ன என்று நாம் இருந்ததிற் குற்றம் காண முடியாது. இன்று நிலைமை வேறு. 2005 இல் நடைமுறைக்கு வந்த அணுசக்திச் சட்டம், தனியொரு மாநிலத்துக்கு இருந்த மறுப்புரிமையை எடுத்துவிட்டது. இனி இவ்விடயத்தில் முழு நாடுமே முடிவு சொல்ல வேண்டும். கழிவைப் புதைப்பதற்குரிய இடத்துக்கான பொது அனுமதி விண்ணப்பம் 2024 நவம்பர் 19 ஆம் திகதி சமஷ்டி அரசிடம் கையளிக்கப்பட்டது. சமஷ்டிப் பேரவை 2029 அளவிலும் பாராளுமன்றம் 2030 அளவிலும் முடிவெடுக்கும் என்பது உத்தேசம். அதனை எதிர்த்து நூறு நாள்களுக்குள் 50,000 கையொப்பங்கள் சேருமானால், 2031 அளவில் வாக்குச்சீட்டு வீடுவீடாக வரும். 2013 இல் இங்கே பிறந்து குடியுரிமை பெற்ற தமிழ்ப் பிள்ளைக்கு அப்போது பதினெட்டு வயது. முதன்முதலாகக் கையில் எடுக்கும் வாக்குச்சீட்டுகளில் ஒன்று, பத்து இலட்சம் ஆண்டுக்கான கேள்வியாக இருக்கக் கூடும்.

அக்கேள்விக்கு விடை தேட அறிஞர்கள் நம்பியிருப்பது பெரும்பாலும் கணனியையே. கணனி எவ்வளவு தூரம் உதவுகிறது, எங்கே அதன் உதவி நின்றுவிடுகிறது என்பதைப் பற்றியே இவ்வாரம் எழுத விரும்புகிறேன்.

முதலிற் கழிவைப் பற்றிச் சிறிது. பெஸ்னாவ், கெஸ்கன், லைப்ஸ்ரட், 2019 டிசெம்பரில் மூடப்பட்ட மூலபேர்க் ஆகிய அணுமின் நிலையங்களிலிருந்தும், வைத்தியசாலைகள், ஆய்வுகூடங்கள், தொழிற்சாலைகளிலிருந்தும் வந்தவையும் இனி வருபவையும் சேர்ந்து, பொதியிட்டபின் ஏறத்தாழ 80,000 கன மீற்றர் ஆகும். அதிற் சிறு பங்கே மிகைக் கதிரியக்கம் உடையது. எனினும் பயங்கரம் முழுவதும் அந்தச் சிறு பங்கிலேதான் உறைந்திருக்கிறது. லுசேர்ண்வாசிகள் இதனை ஆர்காவ்காரரின் தொல்லை என்று ஒதுக்கிவிட முடியாது. லுசேர்ணைத் தலைமையிடமாகக் கொண்ட சி.கே.வே மின் நிறுவனம் கெஸ்கனிலும் லைப்ஸ்ரட்டிலும் பங்குடையது. எம் வீடுகளில் முப்பது நாற்பது ஆண்டுகளாக அரிசி வெந்ததும் ஓரளவுக்கு அந்த மின்சாரத்தில்தான்.

1969 முதல் 1982 வரை இந்நாடு தன் கழிவிற் 5,300 ரொன் அளவை வட அத்திலாந்திக் கடலிலே கொண்டுபோய்க் கொட்டியது என்பதை இன்றைய இளையோர் பலர் அறியார். கடற்கரை ஒரு முழந்தானும் இல்லாத நாடு கடலைக் குப்பைத்தொட்டியாக்கிய வேடிக்கை அது. பின்னர் உலக நாடுகள் அதனைத் தடுத்தன. இப்போது கழிவு வூரன்லிங்கனில் உள்ள இடைக்காலக் களஞ்சியத்திலும் அணுமின் நிலையங்களிலும் தரைக்கு மேலே காவலுடன் இருக்கிறது. தரைக்கு மேலே இருக்கும்வரை அதற்கு வேலி வேண்டும், காவலாளி வேண்டும், அவருக்குச் சம்பளம் கொடுக்க ஓர் அரசு வேண்டும். அரசுகள் எவ்வளவு காலம் நிலைக்கும் என்பதை எம்மவருக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

ஆகவே ஆழத்திற் புதைப்பது என்ற முடிவுக்கு அறிஞர் வந்தனர். அதற்கென 1972 இல் அமைக்கப்பட்ட நிறுவனம் நாக்ரா. மின் நிலைய உரிமையாளரும் சமஷ்டி அரசும் அதன் பங்காளிகள். 2008 இல் தொடங்கிய தேடலில் ஆறு பிரதேசங்கள் பட்டியலில் இருந்தன. எம் அயலிலுள்ள வெல்லன்பேர்க்கும் அவற்றுள் ஒன்று. அது பின்னர் கைவிடப்பட்டது. இறுதியாக 2022 செப்ரெம்பர் 12 ஆம் திகதி, சூரிச் மாநிலத்தின் வட எல்லையருகே வட லேகர்ன் என வழங்கும் பிரதேசம் தெரிவு செய்யப்பட்டதாக நாக்ரா அறிவித்தது. சுரங்கத்தின் வாயில் ஸ்ராடல் கிராமத்தின் ஹாபர்ஸ்ரால் வயல்வெளியில் அமையும். அதன்கீழ் ஏறத்தாழ 900 மீற்றர் ஆழத்தில் ஒபலினுஸ் களி என்னும் பாறைப் படுகை இருக்கிறது. 17 கோடி ஆண்டுகளுக்கு முன்னர் இங்கே பரந்திருந்த ஆழமற்ற கடலின் அடியிற் படிந்த சேறுதான் இன்று நூறு மீற்றர் தடிப்புள்ள பாறையாக இறுகியுள்ளது. நீர் அதனூடாக ஓடுவதில்லை. வெடிப்பு ஏற்பட்டாலும் களி ஈரத்தில் ஊதித் தானே வெடிப்பை அடைத்துக்கொள்ளும். அதன் நுண்துளைகளில் அப்பழங்கடல் நீரின் சுவடு இன்றும் எஞ்சியிருப்பதைக் கண்டுபிடித்துள்ளார்கள். இவ்வளவு காலம் தண்ணீரை வெளியே விடாத பாறை கழிவையும் வெளியே விடாது என்பதே வாதத்தின் சாரம்.

இனிக் கணனிக்கு வருவோம். 900 மீற்றர் கீழே கிடக்கும் பாறையை எவ்வாறு காண்பது? 2015 தொடக்கம் 2017 வரை, ஆராயப்பட்ட பிரதேசங்களின் வயல்களிலும் தெருக்களிலும் பாரமான வாகனங்கள் ஊர்ந்து திரிந்து நிலத்தை அதிர வைத்தன. அதிர்வு கீழே சென்று பாறைப் படுகைகளிற் பட்டு எதிரொலிக்க, அவ்வெதிரொலியை ஆயிரக்கணக்கான நுண்கருவிகள் கேட்டுப் பதிந்தன. பதிந்தவை வெறும் எண்களே. அவற்றைக் கணனி கோத்து நிலத்தின் உட்புறத்தை முப்பரிமாணப் படமாக விரித்துக் காட்டியது. வயிற்றுக்குள் இருப்பதை வைத்தியர் ஸ்கான் எடுத்துப் பார்ப்பதை ஒத்தது இது. ஸ்கானிற் கண்டதை உறுதிசெய்ய ஊசி குத்திச் சதை எடுப்பதுபோல, 2019 முதல் 2022 வரை ஒன்பது ஆழ்துளைகள் இட்டுப் பாறைத் துண்டங்களை வெளியே எடுத்து ஆராய்ந்தார்கள்.

பாறை இருக்கும் விதம் தெரிந்தபின் அடுத்த வேலை, எதிர்காலத்தைக் கணக்கிடுதல். மிகைக் கதிரியக்கக் கழிவு உருக்குக் கொள்கலங்களில் அடைக்கப்பட்டு, சுற்றிலும் பென்ரோனைற் என்னும் ஊதுங்களி நிரப்பப்படும். கழிவு நெடுங்காலம் சூடாகவே இருக்கும். சூட்டினாற் களி எவ்வளவு உலரும்? பின்னர் நீர் ஊறும்போது எவ்வளவு ஊதும்? உருக்குத் துருப்பிடிக்கையில் ஐதரசன் வாயு உண்டாகும். அது எவ்வழியாக வெளியேறும்? பனியூழிகள் மீண்டும் வந்து பனியாறுகள் நிலத்தை அரித்துச் சென்றால் மேலே எவ்வளவு பாறை எஞ்சும்? இவை ஒவ்வொன்றும் மற்றொன்றைத் தொட்டு நிற்பவை. கையாற் கணக்கிட முயன்றால் ஆயுள் போதாது. சட்டம் கேட்பதோ மிகைக் கதிரியக்கக் கழிவுக்குப் பத்து இலட்சம் ஆண்டுக் கணக்கு. ஏனையவற்றுக்கு ஓர் இலட்சம் ஆண்டு. அக்காலம் முழுவதிலும் அதனால் ஒருவருக்குக் கிடைக்கக்கூடிய கதிர்வீச்சு ஆண்டொன்றுக்கு 0.1 மில்லிசீவேட் அளவைத் தாண்டலாகாது. சுவிஸ்வாசி ஒருவர் இயற்கையாலும் மருத்துவத்தாலும் இப்போதே சராசரியாக ஆண்டுக்கு ஏறத்தாழ 6 மில்லிசீவேட் பெறுகிறார் என்பதை ஒப்பிட்டுக்கொள்க.

நிற்க. வட லேகர்ன் தெரிவான கதையில் வாசகர் பலர் கவனியாத ஓர் அத்தியாயம் உண்டு. 2015 ஜனவரியில் இதே நாக்ரா, இதே வட லேகர்ன் பிரதேசத்தைப் பட்டியலிலிருந்து நீக்கலாம் என்று பரிந்துரைத்தது. பாறை மிக ஆழத்தில் இருக்கிறது, அவ்வாழத்திற் சுரங்கம் அமைப்பது கடினம் என்பது அன்று கூறப்பட்ட காரணம். அணுப் பாதுகாப்பை மேற்பார்வை செய்யும் என்சி என்னும் சமஷ்டி அமைப்பு 2016 டிசெம்பரில் அதனை ஏற்க மறுத்தது. நீக்குவதற்கு நீங்கள் காட்டும் சான்று போதாது, மீண்டும் ஆராயுங்கள் என்றது. சம்பந்தப்பட்ட மாநிலங்களின் வல்லுநர்களும் அவ்வாறே கூறினர். எனவே ஆழ்துளைகள் அங்கும் இடப்பட்டன. அவற்றின் சான்று வந்தபின், 2015 இல் தள்ளப்பட்ட இடமே 2022 இல் மிகச் சிறந்த இடமாயிற்று. முன்னர் குறையாகக் காட்டப்பட்ட அதே ஆழம், பனியாறுகளின் அரிப்பிலிருந்து காக்கும் நிறையாக இப்போது காட்டப்படுகிறது.

இதனைச் சொல்லி ஏளனம் செய்வோர் உளர். ஏழே ஆண்டிற் தலைகீழாகும் கணக்கைப் பத்து இலட்சம் ஆண்டுக்கு நம்புவதா என்பது அவர்கள் கேள்வி. எனக்கோ இக்கதை நம்பிக்கை தருகிறது. மாணவன் கொண்டுவந்த விடையை ஆசிரியர் திருப்பிக் கொடுத்து, வழியைக் காட்டு என்று கேட்டிருக்கிறார். அவனும் மீண்டும் செய்து வேறு விடையுடன் வந்திருக்கிறான். திருப்பிக் கொடுக்கும் அதிகாரம் உள்ள ஆசிரியர் ஒருவர் அங்கே இருந்தார் என்பதே முக்கியம். கணக்குச் செய்பவர் கழிவுக்குரியவர், சரிபார்ப்பவர் வேறொருவர், அவர் தம்முடைய கணனியிலே தாமே தனியாகவும் கணக்கிட்டுப் பார்க்கிறார். எல்லைக்கப்பால் உள்ள ஜேர்மானியக் கிராமத்தவருக்கும் பிரதேச மாநாட்டிற் பேச இடமளிக்கப்பட்டது. இந்த ஏற்பாடு இல்லையேல், உலகத்தின் மிகப் பெரிய கணனியை வைத்திருந்தாலும் 2015 இன் பரிந்துரையே இறுதி விடையாகி இருக்கும்.

தாளிற் சரியாக வந்த கணக்கு நிலத்திற் பிழைத்ததற்கு உதாரணம் தேடி நாம் நெடுந்தூரம் போக வேண்டியதில்லை. லுசேர்ண் நகரத்துக்குக் கீழே நெடுஞ்சாலை செல்லும் சோனன்பேர்க் சுரங்கத்தை வாசகர் அறிவர். 1976 இல் அது திறக்கப்பட்டபோது, அணுப்போர் மூண்டால் 20,000 பேர் தங்கக்கூடிய புகலிடமாகவும் கணக்கிடப்பட்டிருந்தது. ஒவ்வொன்றும் 350 ரொன் எடையுள்ள கொங்கிறீற் கதவுகள் சுரங்கத்தின் வாய்களை அடைக்கும் என்றார்கள். 1987 இல் எறும்பு என்று பெயரிட்டு ஒரு பெரும் ஒத்திகை நடத்திப் பார்த்தபோது, அக்கதவுகளில் ஒன்று மூடவில்லை. படுக்கைகளைப் பொருத்தி முடிக்கவும் எதிர்பார்த்த காலம் போதவில்லை. இப்போது அங்கே 2,000 பேருக்கே இடம் என்று குறைத்துவிட்டார்கள். கணக்குப் போட்டவர்கள் அறிவிலிகள் அல்லர். கதவை ஒருமுறை தள்ளிப் பார்க்காமலே பதினொரு ஆண்டு கழிந்தது என்பதுதான் சங்கதி.

கழிவுக் களஞ்சியத்தின் கதவை முன்கூட்டியே தள்ளிப் பார்க்கும் இடங்கள் இந்நாட்டில் இரண்டு இருக்கின்றன. பேர்ண் மாநிலத்தின் கிறிம்சல் கணவாய் அருகே கருங்கற் பாறைக்குள் 1984 முதல் இயங்குவது ஒன்று. யூரா மாநிலத்தின் சென் உர்சான் ஊரருகே மொன் ரெரி மலைக்குள், அதே ஒபலினுஸ் களியில் 1996 முதல் இயங்குவது மற்றொன்று. இவ்விரண்டிலும் கழிவு எதுவும் புதைக்கப்படுவதில்லை. கிறிம்சலில் கழிவின் சூட்டுக்குப் பதிலாக மின்சூடேற்றியை வைத்து, சுற்றிலும் ஊதுங்களி அடைத்து, அறுநூறுக்கு மேற்பட்ட உணர்கருவிகளைப் பொருத்தி, 1997 இல் ஒரு பரிசோதனை தொடங்கினார்கள். அது 2015 வரை, பதினெட்டு ஆண்டு ஓடியது. பின்னர் எல்லாவற்றையும் கிண்டி எடுத்து, கணனி சொன்னதையும் களியில் உண்மையாக நிகழ்ந்ததையும் பக்கத்திற் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டார்கள். மொன் ரெரியில் 50 மீற்றர் நீளச் சுரங்கத்தில் உண்மைக் களஞ்சியத்தின் அளவிலேயே மூன்று சூடேற்றிகள் 2015 தொடக்கம் கொதித்துக்கொண்டிருக்க, கண்ணாடி இழைக் கம்பிகளும் நூற்றுக்கணக்கான உணர்கருவிகளும் வெப்பம், ஈரம், அழுத்தம் ஆகியவற்றை ஓயாது கேட்டெழுதின.

இங்கேதான் கணனி இரட்டை என்று இந்நாளிற் பேசப்படுவது பிறக்கிறது. சுரங்கத்துக்கு அச்சொட்டான ஓர் உருவத்தைக் கணனிக்குள் அமைத்துவிடுவார்கள். உணர்கருவிகள் அனுப்பும் அளவுகள் வரவர அவ்வுருவமும் தன்னைத் திருத்திக்கொள்ளும். நிலத்தில் உள்ளது ஒன்று, கணனியில் உள்ளது அதன் இரட்டைப் பிள்ளை. கணனிப் பிள்ளையிடம், நாளை சூடு பத்துப் பாகை கூடினால் உனக்கு என்ன ஆகும் என்று கேட்கலாம். நிலத்தில் உள்ளதற்குத் தீங்கு வராது. ஒரு கணக்கைச் செய்து முடிக்கப் பெருங்கணனிக்கே பல நாள் தேவைப்படும் இடங்களில், முன்னைய கணக்குகளைப் படித்துப் பழகிய செயற்கை நுண்ணறிவு மென்பொருள் சில கணங்களில் விடையை மதிப்பிட்டுத் தரும். இதனால் ஒரு கேள்வியை ஆயிரம் விதமாகக் கேட்டுப் பார்க்க முடிகிறது. பெரிய பயன் என்பதில் ஐயமில்லை. ஆயின், விடை வந்த வழியைக் காட்டு என்று அதனிடம் கேட்டால் அது விழிக்கும். சரிபார்ப்பவருக்கு வழி தெரிய வேண்டும் என்று மேலே கூறியதை இங்கே நினைத்துக்கொள்க. வேகமாக மதிப்பிட்ட விடையைப் பழைய முறையிலும் இடையிடையே செய்து ஒப்பிட்டாலன்றி அதனை ஏற்கலாகாது என்பது என் கருத்து.

உணர்கருவிகளுக்கும் ஓர் எல்லை உண்டு. களஞ்சியத்தை அடைத்து மூடியபின் கம்பியை உள்ளே விட்டுவைத்தால் அதுவே நீர் கசியும் வழியாகிவிடலாம். கம்பியில்லாக் கருவியென்றால் மின்கலம் தீரும். அதன் அலையும் களியினூடாக வருகையில் நலிந்துவிடும். இதற்குச் சுவிஸ் சட்டம் கண்ட வழி விவேகமானது. முதன்மைக் களஞ்சியத்துக்கு அயலிலே, அதே பாறையில், சிறிதளவு கழிவுடன் முன்னோடிக் களஞ்சியம் ஒன்று அமைக்கப்படும். கருவிகளை அங்கே பொருத்திப் பல பத்தாண்டுகள் கண்காணிப்பார்கள். அது நோயுற்றால் மற்றதும் நோயுறக் கூடும் என்று அறிந்து, தேவையாயின் கழிவைத் திரும்ப எடுக்கலாம். 2000 இல் வால்ரர் வில்டி என்னும் ஜெனீவாப் புவியியற் பேராசிரியரின் தலைமையிலான குழு முன்வைத்த யோசனை இது. குறைந்த, நடுத்தரக் கழிவு 2050 அளவிலும் மிகைக் கழிவு 2060 அளவிலும் உள்ளே போகத் தொடங்கும். முழுவதும் மூடப்படுவது 2125 அளவில் என்பது இப்போதைய கணக்கு.

பாறையின் கணக்குச் சரியாக இருந்து பொதியின் கணக்குப் பிழைத்தாலும் ஆபத்தே. ஜேர்மனியின் அசே உப்புச் சுரங்கத்தில் 1967 முதல் 1978 வரை 125,000 க்கு மேற்பட்ட பீப்பாய்களை இறக்கினார்கள். சில இடங்களில் ஒழுங்காக அடுக்காமல் உருட்டியே விட்டார்கள். 1988 முதல் உள்ளே நீர் கசிகிறது. எல்லாவற்றையும் திரும்ப எடுக்க வேண்டும் என்று 2013 இற் சட்டமே இயற்றப்பட்டது. ஆனால் உள்ளே இருப்பது என்ன? 9.6 கிலோ என்று பதிவிலிருந்த புளுற்றோனியம் உண்மையில் 28 கிலோ என்று 2009 இற் தெரிய வந்தது. காரணம், ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்துக்கு எண்களை மாற்றியபோது நேர்ந்த தவறு. இன்று ஒவ்வொரு பொதிக்கும் எண் கொடுத்து, அதனுள் இருப்பதைக் கணனியிற் பதிந்து வைப்பதன் அருமை அசேயை அறிந்தவருக்கே விளங்கும்.

அமெரிக்காவின் நியூ மெக்சிக்கோ மாநிலத்தில் நடந்தது இன்னும் விசித்திரம். அங்கே உப்புப் பாறைக்குள் இயங்கும் களஞ்சியத்தில் 2014 பெப்ரவரி 14 ஆம் திகதி பீப்பாய் ஒன்று உள்ளே சூடேறி வெடித்தது. ஈரத்தை உறிஞ்சுவதற்காகப் பீப்பாய்களிற் கலக்கும் பொருள், பூனைகளின் மலத்தட்டில் இடும் மண்ணாகும். கலக்க வேண்டியது அசேதன மண். செய்முறைக் குறிப்பிலோ சேதன என்று எழுதப்பட்டிருந்தது. எழுதியபடியே கோதுமையிற் செய்த ஒன்றைக் கலந்தார்கள். அது நைத்திரேற்று உப்புடன் சேர்ந்து சூடேறியது. எம் இரசாயனப் பாடநூல்களின் தமிழிற் சொன்னால், ஓர் அகரம் விடுபட்டதன் விளைவு. களஞ்சியம் ஏறத்தாழ மூன்று ஆண்டு மூடிக் கிடந்தது. எழுத்துப் பிழைக்காக மாணவரை ஏன் வாட்டுகிறீர்கள் என்று கேட்கும் பெற்றோருக்கு இதனைச் சொல்லலாம். கணனியும் அன்று எழுதியதை எழுதியபடியேதான் ஏற்றிருக்கும்.

பதிவு சரியாக இருந்தாலும் அதனை எவ்வளவு காலம் வாசிக்க முடியும்? இதற்கு விடை சொல்ல எம் சமூகத்தவருக்குத் தனித் தகுதி உண்டு. 1990 களில் ஐரோப்பாவிலிருந்து வெளிவந்த எம் பத்திரிகைகள், தமிழ்ப் பாடசாலைப் பாடநூல்கள், மலர்கள் பலவும் பாமினி எழுத்துருவிற் தட்டச்சாகி மென்தட்டுகளிற் சேமிக்கப்பட்டன. அத்தட்டைச் செருகும் வாய் இன்றைய கணனியில் இல்லை. வாய் கிடைத்துக் கோவையைத் திறந்தாலும் எழுத்துரு இல்லாத இடத்தில் ரோமன் எழுத்துகளின் குழம்பலே திரையில் தோன்றும். முப்பதே ஆண்டில், எழுதியவர்கள் உயிருடன் இருக்கையிலேயே நேர்ந்தது இது. பத்து இலட்சம் ஆண்டை விடுங்கள். 2125 இற் களஞ்சியத்தை மூடுபவர், 2060 இற் பதிந்த கோவையைத் திறக்க வல்லவராய் இருத்தல் வேண்டும்.

பிரான்சில் இப்பணிக்குரிய நிறுவனம் 2012 இல் நீலமணித் தட்டு ஒன்றைக் காட்டியது. பல்லாயிரம் பக்கங்களை நுண்ணுருவாக அதிற் பொறிக்கலாம். வாசிப்பதற்குக் கணனி வேண்டாம், உருப்பெருக்கி போதும். ஒஸ்ரியாவின் ஹால்ஸ்ரற் உப்புச் சுரங்கத்தில் ஒரு மட்பாண்டக் கலைஞர், மனிதகுலத்தின் நினைவுகளைச் சுட்ட களிமண் தட்டுகளில் அச்சிட்டு அடுக்கி வருகிறார். களஞ்சியம் இருக்கும் இடம் நிலையாகக் குறிக்கப்பட வேண்டும் என்று சுவிஸ் சட்டமும் விதித்திருக்கிறது. எந்த மொழியில், எந்தக் குறியில் என்பது இனி வருவோர் பொறுப்பு.

எம் முன்னோர் கைக்கொண்ட வழி வேறு. ஓலை நூறு, இருநூறு, மிஞ்சினால் முந்நூறு ஆண்டு தாங்கும். அதற்குள் ஒருவர் அதனைப் படியெடுத்தார். படியெடுக்க எவரும் இல்லாத நூல்கள் செல்லரித்துப் போயின. சிறுப்பிட்டி சி. வை. தாமோதரம்பிள்ளை அவர்கள் கலித்தொகையை 1887 இல் அச்சேற்றும்வரை அது உயிர்தப்பி வந்தது, பெயர் தெரியாத எத்தனையோ ஏட்டெழுத்தாளரின் கைகளால். 1981 இல் யாழ்ப்பாணப் பொது நூலகத்தில் ஏறத்தாழ 97,000 நூல்கள் எரிந்தபோது, வேறெங்கும் படி இல்லாதவை அடியோடு அழிந்தன. அந்த இழப்பின் நினைவு உள்ளவர்கள் 2005 இல் நூலகம் என்னும் இணையச் சேமிப்பைத் தொடங்கி, கிடைத்ததையெல்லாம் வருடிப் பதிந்து வருகிறார்கள். நீலமணித் தட்டை நான் குறைத்துப் பேசவில்லை. ஆனால் தலைமுறைக்கொருமுறை எடுத்துப் படித்து, புதிய எழுத்துக்கும் புதிய கருவிக்கும் மாற்றி வைக்கும் மக்கள் கூட்டம் ஒன்று அக்களஞ்சியத்தைச் சூழ இருக்குமாயின், எனக்கு அதிலேயே கூடிய நம்பிக்கை.

கேட்கும் உரிமை எல்லா நாட்டவருக்கும் ஒரேயளவாகக் கிடைப்பதில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். கர்நாடகத்தின் கோலார் தங்கவயலில் தலைமுறைகளாக ஆழத்தில் இறங்கி உழைத்தவர்களிற் பெரும்பாலோர் தமிழர். அச்சுரங்கத்தின் கைவிடப்பட்ட பகுதியில் 1980 களில், 1,000 மீற்றர் ஆழத்தில், இந்திய அணுவிஞ்ஞானிகள் பாறையைச் சூடேற்றிப் பரிசோதித்தனர். 2001 இல் சுரங்கம் மூடப்பட்டு ஊர் வேலையற்றுப் போயிற்று. 2012 நவம்பரில், கூடங்குளம் வழக்கில் உச்ச நீதிமன்றத்துக்குச் சொல்லப்பட்ட பதிலொன்றில் கழிவு விடயமாகக் கோலாரின் பெயர் வந்தது. ஊரவர் தெருவில் இறங்கியபின், அவ்வாறு ஒரு திட்டம் இல்லை என்று அரசு மறுத்தது. ஸ்ராடல் கிராமத்தவருக்குக் கூட்டம் கூட்டி வரைபடம் விரித்துக் காட்டப்படுகிறது. கோலார் மக்கள் தம் ஊரின் பெயரைப் பத்திரிகையிற் படித்தறிந்தார்கள். இரண்டு இடத்திலும் பாறை உறுதியானதுதான்.

விண்ணப்பத்துடன் கையளிக்கப்பட்டவை பல ஆயிரம் பக்கம். அவையும் ஜேர்மன் மொழியிலே. எம்மிற் பெற்றோர் பலருக்கு அது எட்டாது. குடியுரிமை இல்லாதவருக்கு வாக்கும் இல்லை. ஆயினும் பிள்ளைகளிடம் வாக்குச்சீட்டு வருகையில், ஆம் அல்லது இல்லை என்று புள்ளடி இடுமுன் கேட்க வேண்டியவை சில உள. கணக்கைச் செய்தவர் யார், தனியே சரிபார்த்தவர் யார், இருவரும் எங்கே முரண்பட்டனர், பிழையென்று தெரிந்தால் திரும்ப எடுக்க எவ்வளவு காலம் இடமுண்டு? புள்ளடி எந்தப் பக்கம் விழும் என்பது அவர்கள் விருப்பம். நான் வாக்குரிமை உள்ளவனாயின் எப்படி இடுவேன் என்று கேட்டால், கழிவை ஆழத்திற் புதைப்பதையே ஆதரிப்பேன். ஆனால் முன்னோடிக் களஞ்சியத்தின் கண்காணிப்புக் காலத்தைச் செலவு கருதிக் குறைக்க முற்படுவார்களாயின் அப்போது எதிர்த்து நிற்பேன்.

எம் தமிழ்ப் பாடசாலைகள் ஆண்டுதோறும் பிள்ளைகளை எங்கேனும் சுற்றுலா கூட்டிச் செல்கின்றன. ரைன் நீர்வீழ்ச்சியை எல்லோரும் மூன்று தடவை பார்த்தாயிற்று. மொன் ரெரிச் சுரங்கத்தைக் குழுக்களுக்கு வழிகாட்டியுடன் காட்டுகிறார்கள். முன்கூட்டி எழுதி நாள் கேட்க வேண்டும். லுசேர்ணிலிருந்து காலையிற் புறப்பட்டால் மாலை திரும்பிவிடலாம். மேல் வகுப்புப் பிள்ளைகளையேனும் ஒருமுறை அங்கே அழைத்துச் செல்லுமாறு நிர்வாகிகளைக் கேட்டுக்கொள்கிறேன். தலைக்கவசம் அவர்களே தருவார்கள்.